முகூர்த்த முதுகியல்: ஒரு முன்னாய்வு

கல்யாணப் படங்களில் முகத்தைப் பற்றிப் பேசாதவர் இல்லை. முதுகைப் பற்றிப் பேசியவர் எவரும் இல்லை. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு எழுந்தது. முகம், முதுகு, முகூர்த்தம் ஆகிய மூன்றும் 'மு'வில் தொடங்குவதால் மூன்றும் ஒரே வேரில் பிறந்தவை என்பது என் துணிபு. முகூர்த்தம் வடசொல் ஆயிற்றே என்று சிலர் தடுப்பர். இதைவிட மெலிந்த வேரைப் பிடித்துக்கொண்டு முனைவர் பட்டம் வரை ஏறியவர்களை நான் கருத்தரங்குத் தேநீர் இடைவேளைகளில் கண்டிருக்கிறேன்.

ஆய்வுக் கருவிகள்: பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று, 50 எம்எம் லென்ஸ் ஒன்று, "அவன்கிட்ட கேமரா இருக்குல்ல, அவனையும் நாலு எடுக்கச் சொல்லு" என்னும் சொந்தபந்தம் எண்ணற்றன. காசு வாங்காமல் எடுப்பதால் இது கலை எனப்படும் (பெரியப்பா, வாய்மொழி).

கல்யாணப் படங்கள் நான்கு வகைப்படும் என்ப. ('என்ப' என்று முடித்தால் யார் சொன்னது என்று எவரும் கேட்பதில்லை, உரையாசிரியர்கள் நமக்கு விட்டுச்சென்ற சொத்து இது.) பந்திப் படம்: வாயில் சோறு. வரவேற்புப் படம்: எல்லோரும் கேமராவைப் பார்ப்பர், மணமக்களுக்குப் பின்னால் நிற்கும் தோழன் மட்டும் மொய்க் கவரைப் பார்ப்பான். குழந்தைப் படம்: கிடையாது, ஓடிவிடும். நான்காவது முகூர்த்தப் படம்.

ஐயர் கையை உயர்த்தி மேளக்காரரைப் பார்க்கிறார். நாதஸ்வரம் பாட்டை அப்படியே விட்டுவிட்டுக் கெட்டிமேளத்துக்குத் தாவுகிறது. அதுவரை செல்போனும் கையுமாகச் சாய்ந்திருந்த முன்வரிசை, ஒரே ஆளைப் போல எழுகிறது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டு, நாத்தனார் அடுத்த இரண்டையும் போட்டு முடிக்கப் பத்துப் பதினைந்து விநாடி ஆகும். அந்தப் பதினைந்து விநாடியும் என் முன்னே இருப்பது முதுகு. "முகூர்த்தத்துக்கு எழுந்திருக்காம உக்காந்தே இருக்கச் சொல்றியா?" என்பது மரபுவழி மறுப்பு (மாமா, வாய்மொழி, கை கழுவும் இடம், குழாயில் தண்ணீர் வராத இடைவெளியில்).

முதுகுகளில் முதலாவது பட்டுச்சட்டை முதுகு. எனது ஆட்டோஃபோகஸ் அருகில் இருப்பதையும் பளிச்சென்று இருப்பதையும் விடாது. ஆகவே 1/125 விநாடியில், ஐஎஸ்ஓ 3200இல், தாலி மங்கலாகவும் சட்டை மடிப்பு துல்லியமாகவும் பதிகின்றன. என்னிடம் உள்ள சிறந்த சான்றில் காலருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் '42' என்ற அளவுச்சீட்டைப் படிக்கலாம். அதன்மேல் மஞ்சள் அட்சதை ஒன்று ஒட்டியிருக்கிறது. இரண்டாவது, இரு கையும் தூக்கிய செல்போன் முதுகு. இதில் ஓர் ஆறுதல்: அந்த செல்போன் திரையில் மணமக்கள் தெரிவார்கள். மூன்றாவது, குறுக்கே கறுப்பு வார் ஓடும் முதுகு. இது மேடையை எடுத்தவர்களின் ஆல்பங்களில் மட்டுமே காணக்கிடைக்கிறது. யாருடையது என்று நெடுநாள் துலங்கவில்லை.

முதுகற்ற படம் எடுக்க, கல்யாணம் இல்லாத ஞாயிறுகளில் நகரத்தை நாடினேன். நகரம் எழுந்து நிற்காது. பரங்கிமலை ஏறினால் விமான ஓடுபாதை தெரியும். 1977இல் திறந்த மெரினா கலங்கரை விளக்கத்தின் மேலிருந்து கடலும் ஊரும் ஒருசேரத் தெரியும். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய புகைப்படமே ஜன்னலிலிருந்து தெரிந்த கூரைகள்தான். 1826, 27 வாக்கில் பிரான்சில் நியெப்ஸ் எடுத்தது. கல்யாணத்தை எடுத்திருக்கலாமே என்று அவர் வீட்டிலும் ஒரு சித்தப்பா கேட்டிருக்கக்கூடும் (ஊகம், ஆனால் வலுவானது).

1838இல் டாகேர் பாரிஸ் வீதி ஒன்றைப் படமெடுத்தார். ஒளிபதியச் சில நிமிடம் ஆனதால் போன வண்டிகளும் ஆட்களும் பதியவே இல்லை. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு நின்ற ஒருவர் தப்பினார். இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. டாகேரின் கேமராவை நம் மண்டபத்தில் நிறுத்தினால் எழுந்து ஆடும் முன்வரிசை மொத்தமும் காற்றில் கரையும், மணையில் உட்கார்ந்த இருவர் மட்டும் மிஞ்சுவர்! இருட்டு ஃபில்டர் மாட்டி ஐந்து நிமிடம் திறந்து வைத்தால் போதும். ஆனால், பதினைந்து விநாடியில் முடியும் தாலி கட்டும் அதில் கரைந்துவிடும் என்பதால் என் கோட்பாடு இங்கே முறிகிறது. முறிந்த கோட்பாட்டைத் தூக்கி எறியும் வழக்கம் நம் துறையில் இல்லை. 'மேலாய்வுக்குரியது' என எழுதி அடுத்த பத்திக்குப் போவதே முறை.

மூன்றாவது முதுகின் புதிர் சென்ற தை மாதம் அவிழ்ந்தது. "எங்க தாலி கட்டு பக்கம் முழுக்க உன் முதுகுதான்டா இருக்கு, அந்தக் கேமராப் பை வாரோட" (அத்தை, தொலைபேசி வழி, ஆல்பம் வந்த மறுநாள், மூன்று முறை; மூன்றாம் முறை ஸ்பீக்கரில், மாமாவும் மருமகளும் உடனிருக்க; பக்க எண் தரப்படவில்லை, ஏனெனில் பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பேசவிடவில்லை).

எனவே முன்வரிசைப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். இனி உட்காரச் சொல்லி உங்களைக் கேட்கமாட்டேன். எனக்கு அந்த உரிமை போய்விட்டது. அடுத்த முகூர்த்தத்துக்கு வரும்போது சட்டையின் பின்பக்கத்தையும் இஸ்திரி போட்டுக்கொண்டு வாருங்கள்.