முழங்கையிலயாடா மூளை இருக்கு?

வாடா பேராண்டி, உக்காரு. திண்ணையில உக்காருன்னேன், அந்த புல்லட்டு மேல இல்ல. அதை மொதல்ல அணை. எனக்கு இருக்கறது ரெண்டே காது.

உங்கம்மா இன்னைக்கும் வந்து அழுதுட்டுப் போறா. ராஜ வீதியில கொத்தமல்லி வாங்கிட்டு வாடான்னா, நீ செங்கல்பட்டுல டீ குடிச்சிட்டு வர்றியாம். கொத்தமல்லி எங்கடான்னா, "அதுக்குத்தான் போனேனா?"ன்னு அவளையே கேக்கறியாம். பிள்ளையார்பாளையத்துலேர்ந்து ராஜ வீதிக்கு நடந்தே போலாம்டா. பெட்ரோல் செலவாகாதுன்னுதான் உனக்கு அந்த வழி பிடிக்கல போல.

உன்னை மட்டும் குத்தம் சொல்லி இன்னா ஆவப் போவுது? மிலிட்டரிக்காரன் எல்லையில ரோந்து சுத்தறதுக்குக் கேட்டான்னு 1955-ல திருவொற்றியூர்ல புல்லட்டைப் பூட்ட ஆரம்பிச்சாங்க. உனக்கு எந்த எல்லைடா, ஓரிக்கையா? இங்கிலாந்துல அந்த புல்லட்டுக் கம்பெனிய 1970 வாக்குல இழுத்து மூடியாச்சு. நம்மாளு விடல. 2013-ல ஒரகடத்துலயே ஃபேக்டரி போட்டுட்டான், நம்ம காஞ்சிபுரம் ஜில்லாவுலயே. மத்த ஊருக்கு வியாதி வெளியிலேர்ந்து வரும். நமக்கு வாலாஜாபாத் ரோட்டைப் பிடிச்சு நேரா போனாலே கெடைக்குது.

அந்தக் காலத்து புல்லட்டுக்கு கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. ஆம்பியர் முள்ளு நடுவுக்கு வர்றவரைக்கும் மெல்ல மிதிச்சு, டீகம்ப்ரஷர் லிவரை அமுக்கி, குலதெய்வத்தை நெனச்சு உதைக்கணும். தப்பா உதைச்சா அது உன்னைத் திருப்பி உதைக்கும். அதுல ஒரு நியாயம் இருந்துச்சு. இப்போ பட்டனை அமுக்கினா கிளம்பிடுது. பைத்தியம் புடிக்கறதுக்குக்கூட உடம்பு நோக வேண்டியதில்ல.

நானும் காலால மிதிச்சவன்தான்டா. குழித்தறியில காலைத் தொங்கவிட்டு, கையில நாடாவை விட்டு ஆயுசு பூரா ஓட்டினேன். ஒரு அடி நகரல. சேலை மட்டும் சிங்கப்பூர் வரைக்கும் போச்சு. உனக்கு அப்படியே தலைகீழ். நீ ஊரெல்லாம் போற, ஒரு முழம்கூட சேர மாட்டேங்குது. கோர்வை சேலைன்னா கரைப்பக்கம் ஒரு பையன் உக்காந்து நாடா தள்ளணும், அவன் இல்லாம சேலை இல்ல. நீயோ பின் சீட்டையே கழட்டிட்ட. ஏன்டான்னா லுக்குங்கற. நாளைக்குக் கட்டிக்கப்போற பொண்ணு ஆட்டோ புடிச்சு உன் பின்னாடி வருமா?

வரதராஜப் பெருமாளைப் பாரு. வைகாசி உற்சவத்துல யானை, குதிரைன்னு தினுசு தினுசா வாகனம். மூணாம் நாள் காலையில கருடன் மேல ஏறி ஊரைச் சுத்தினா ஜனம் கன்னத்துல போட்டுக்குது. நீ சுத்தினாலும் போட்டுக்குது, தப்பிச்சோம்டா சாமின்னு. உற்சவம் முடிஞ்சா அவர் வாகனத்தை உள்ள ஏத்திடுவாங்க. மாசத் தவணையும் கெடையாது. அத்தி வரதரு இன்னும் மேல. 1979-ல எழுந்தவரு, அப்புறம் 2019-லதான் எழுந்தாரு. நாப்பது வருஷம் தண்ணிக்குள்ள இருந்தாரு. உன்னை நாப்பது நிமிஷம் கூடத்துல உக்கார வெக்க முடியல.

கம்பெனிக்காரன் மாட்டிக் குடுத்த சைலன்சரு உனக்குப் பத்தல. வேற ஒண்ணை மாட்டி ராத்திரியில வெடி வெடிச்சுக்கிட்டு வர்ற. தெரு முழிச்சுக்கும், நீ போய்த் தூங்கிடுவ. எதிர்வீட்டுத் தறியில பாவு அறுந்தாக்கூட உன் பேரைத்தான் சொல்றான். ட்ராஃபிக் போலீஸ்காரன் அபராதம் போட்டானாமே, அந்த ஆளுக்கு நான் கல்யாணப் பத்திரிகை வெப்பேன்.

லடாக்குக்குப் போப்போறியாம். 17,000 அடிக்கு மேல, கர்துங் லாவுல மூச்சு முட்டுமாம். பங்க்ல பில்லைப் பார்த்து உங்கப்பனுக்கு இங்கயே முட்டுதுடா. போன தடவை ஏலகிரி போனியே, 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் புலவரு, வள்ளலுன்னு பேரு எழுதி வெச்சிருக்கான். ஒரு பேரு சொல்லுன்னா போட்டோவைக் காட்டற. அதுலயும் வண்டிதான் இருக்கு.

போறதுன்னா போ. ஹெல்மெட்டைத் தலையில மாட்டிட்டுப் போ. கையில வளையல் மாதிரி மாட்டிக்கறியே, முழங்கையிலயாடா மூளை இருக்கு?

வண்டியை விக்கச் சொல்லச் சொன்னா உங்கம்மா. நான் சொல்ல மாட்டேன். வாங்கறவன் வீட்டுலயும் என்னை மாதிரி ஒரு கெழவன் திண்ணையில படுத்திருப்பான். அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?