டிலே மாட்யூல் தொடக்கம்: மூலமும் உரையும் மறுப்புரையும்

ஒலி ஒன்றை உள்ளே அனுப்பினால் அது சற்றுப் பிந்தி வெளியே வரும். மாடுலர் சின்தசைசரின் டிலே மாட்யூலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான் என்பார் உளர். அவர்கள் ஆய்வு மனப்பான்மை இல்லாதவர்கள். இக்கட்டுரை அவர்களைப் பொருட்படுத்தாது.

மூலமாக நாம் கொண்டது, ஜெர்மனியின் டோப்ஃபர் நிறுவனத்தின் ஏ-188-1 மாட்யூல். 1990களின் நடுவில் அந்நிறுவனம் கொண்டுவந்த ஏ-100 வரிசையிலிருந்துதான் இன்று யூரோராக் எனப்படும் அளவுமுறை கிளைத்தது. முகப்புத் தகட்டின் உயரம் 128.5 மி.மீ.; அகலத்தின் அலகு 5.08 மி.மீ. இந்த அலகு ஏன் முழுதாக 5 ஆகவில்லை? அங்குலத்தில் ஐந்திலொரு பங்கு என்பதால். விடை ஒரே வரியில் முடிந்துவிடுவதால் அறிஞர் எவரும் இவ்வினாவைத் தீண்டுவதில்லை.

பேட்ச் கேபிளின் நிறம்: எதுவாயினும் ஆகுக.

பவர் கேபிளின் சிவப்புக் கோடு: மைனஸ் 12 வோல்ட் பக்கம். இதில் பாடபேதம் கிடையாது. பேதம் கண்டவர்களின் மாட்யூல்கள் புகைந்துவிட்டன.

உள்ளே இருப்பது பக்கெட் பிரிகேட் வகைச் சில்லு. பிலிப்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த சாங்ஸ்டர், டேர் இருவரும் 1969இல் முன்வைத்த கருத்து இது. தீயணைக்க வரிசையாக நிற்பவர்கள் வாளித் தண்ணீரைக் கைமாற்றுவதுபோல், மின்னூட்டம் ஒரு மின்தேக்கியிலிருந்து அடுத்ததற்குப் போகிறது. பிந்தும் நேரம் காண, வாளிகளின் எண்ணிக்கையை, கைமாற்றத்துக்குத் துடிப்பு தரும் க்ளாக்கின் வேகத்தால் வகுத்து அதில் பாதி கொள்க. 4,096 வாளி, நொடிக்கு 10,000 துடிப்பு எனில் சுமார் 0.2 நொடி. ஏன் பாதி? ஒன்றிலிருந்து ஊற்றும்போது அடுத்தது காலியாக இருந்தாக வேண்டும். ஆகவே எந்நேரமும் பாதி வாளிகள் வெறும் வாளிகளே. (இவ்விடத்தில் பல்கலைக்கழகத் துறைகள் பற்றி எழுதப்பட்டிருந்த பத்தி, நெறியாளரின் அறிவுரைப்படி நீக்கப்பட்டது.) மேற்சொன்ன துடிப்பு காதுக்கு எட்டும் எல்லைக்குள் இருப்பதால் மெல்லிய விசிலும் கூடவே வரும். அதைத் தடுக்க இம்மாட்யூலுக்குள் ஃபில்டர் இல்லை. வேண்டுவோர் வெளியே ஒரு லோ-பாஸ் ஃபில்டரில் செருகிக்கொள்க. விசிலும் இசையே என்போர் உளர். அவர்களுடைய கச்சேரியில் முன்வரிசை எப்போதும் கிடைக்கும்.

இனி ஆய்வின் தலையாய வினா. ஃபீட்பேக் குமிழைப் பூஜ்யத்தில் வைத்து (அதன் வேலை பின்னர்), மூல ஒலியையும் பிந்திய ஒலியையும் கலக்கும் மிக்ஸ் குமிழைப் பாதியில் நிறுத்தி, 'டக்' என ஒரு குறுகிய ஒலியை அனுப்பினால் 'டக், டக்' எனக் கேட்கிறது. பின்னது முதல் எதிரொலியா, இரண்டாம் ஒலியா?

முதல் எதிரொலியே என்பர் ஓரொலியார். இரண்டாம் ஒலி என்பர் ஈரொலியார். காது எண்ணுவதையே எண்ண வேண்டும் என்பது அவர்கள் கட்சி. இரு சாராரையும் சாடி எழுந்தவர்கள் வலக்கோடியார். மிக்ஸ் குமிழை வலக்கோடிக்குத் திருப்பினால் மூல ஒலி மறைந்து பிந்திய ஒலி மட்டும் எஞ்சும். கேட்கப்படாத ஒலிக்கு எதிரொலி உண்டா என்பது அவர்கள் எழுப்பும் தடை. இத்தடைக்கு ஓரொலியார் தரும் விடை அவர்களது பேருரையின் மூன்றாம் பாகத்தில், கீழிருந்து ஐந்தாம் வரியில், காப்பிக் கறைக்கு இடப்புறம் உள்ளது. கறைக்கு வலப்புறம் உள்ளது இடைச்செருகல் என்க. அவ்விடையை மறுத்த மறுப்புரையில், கறையான் தின்றது போக, முன்னட்டையும் விலையுமே எஞ்சின. அவ்விலையைச் சான்றாகக் கொண்டு கட்டுரைகள் பல எழுந்தன. அவற்றுள் கடைசியானது முதலாவதை மேற்கோள் காட்டுகிறது; முதலாவதன் மறுபதிப்போ கடைசியானதை மேற்கோள் காட்டுகிறது.

இது நம்மை ஃபீட்பேக் குமிழுக்குக் கொண்டுசேர்க்கிறது. வெளிவந்த ஒலியை மறுபடி உள்ளே அனுப்புவது அதன் வேலை. சுற்றுக்குச் சுற்று குறைந்து திரும்பினால் ஒலி தேய்ந்து மறையும். குறையாமல் திரும்பினால் ஓயாது. கூடித் திரும்பினால், யாரும் எதுவும் அனுப்பாமலே மாட்யூல் தானாக ஊளையிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒலியின் கூர்மை மங்கி இரைச்சல் ஏறுவதால், மூலத்தில் இருந்தது என்ன என்பதே நாளடைவில் மறந்துபோகும். எங்கள் துறையில் இந்நிலையை எய்தியவருக்குப் பேராசிரியர் பதவி உண்டு.

எஞ்சியிருப்பது நேரத்தை மாற்றும் குமிழ். உள்ளே ஒலி இருக்கும்போதே க்ளாக்கை வேகப்படுத்தினால், மெதுவாக நிரம்பியது விரைந்து வெளியேறிச் சுருதி ஏறும். நேரத்தைக் குறுக்கி, மெதுவாக அலையும் எல்.எஃப்.ஓ.வால் இலேசாக அசைத்தால் கோரஸ் எனும் விளைவு. நேரத்தைச் சுமார் 4.5 மில்லிநொடிக்குக் குறைத்து, ஃபீட்பேக்கை ஊளைக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, ஒரு துளி நாய்ஸை அனுப்பினால், மீட்டிய தந்தி போல் 220 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி எழுந்து அடங்கும். கார்ப்ளஸ், ஸ்ட்ராங் இருவரும் 1983இல் வெளியிட்ட கணினி முறையின் சாரமும் இதுவே. கேட்க உண்மையிலேயே அழகாக இருக்கிறது. ஆகவே ஆய்வுக்கு உதவாது.

முக்கட்சியாரும் உடன்படும் இடம் ஒன்றுதான்: ஃபீட்பேக்கைக் கூட்டுமுன் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். குறைக்காத உரைகாரர் ஒருவரிடம் மாற்றுக் கருத்து உண்டா என்று வினவினோம். எங்கள் வினா அவர் காதில் விழவில்லை.