விற்றவர் போனார், பாக்கி இருந்தது

ஹட்டனில் வீடு வாங்கியவர் நொத்தாரிசுக்குக் கூலி கொடுத்து, முத்திரைத் தீர்வையும் கட்டி, பால் காய்ச்சிக் குடியேறிய கையோடு நகர சபையின் சோலை வரி நிலுவை அறிவித்தல் வந்து நின்றால், "குடிவந்தே ஒரு மாதம், அதற்குள் பாக்கியா?" என்றுதான் கொதிப்பார். கேள்வி நியாயம்தான், கேட்கும் இடம்தான் பிழை. சோலை வரி ஆளைப் பார்த்து விழுவதில்லை, ஆதனத்தைப் பார்த்து விழுகிறது. விற்றவர் கனடாவுக்கே போய்விடலாம். வீடு எங்கே போகும்? உறுதி முடிக்கும்முன் கடைசிக் காலாண்டுப் பற்றுச்சீட்டைக் கேட்காமல், கதவுப் பூட்டை மட்டும் நாலு தரம் இழுத்துப் பார்த்தால் இப்படித்தான்.

தொகை அநியாயம் என்பது அடுத்த முறைப்பாடு. வாங்கிய விலைக்கும் இந்த வரிக்கும் சம்பந்தமில்லை. வீடு வருடத்துக்கு என்ன வாடகை போகும் என்று மதிப்பிட்டு, அந்த ஆண்டுப் பெறுமதியில் சபை ஒரு வீதத்தை அறவிடுகிறது. நுவரெலியாக்காரர் பாடுதான் திண்டாட்டம். ஏப்ரல் சீசனுக்கு வருபவரிடம் அது குளிருக்கு இதமான பங்களா. மதிப்பீட்டாளர் வந்தால் அதே வீட்டில் கூரை ஒழுகும், சுவர் ஈரம் கக்கும். மலைநாட்டில் இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பது வேறு விஷயம். 2024இல், சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கும் வாடகை வந்ததாகப் பாவித்து வருமான வரி போடும் யோசனை அடிபட்டபோது நாடே பதறியது. வராத வாடகையைக் கணக்குப் பார்ப்பதில் உள்ளூராட்சி சபைகளுக்கு வெகுகாலப் பழக்கம்.

கட்டினாலும் கான் துப்புரவாவதில்லையே என்பார்கள். உண்மை. ஆனால் கட்டியவர் பற்றுச்சீட்டை மேசையில் போட்டுச் சத்தம் போடலாம். லயத்துக்காரரிடம் எவரும் சோலை வரி கேட்கவில்லை; கேட்காத இடத்தில் கொடுக்கவும் இல்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்றார்கள். வாக்குக் கேட்க மட்டும் தோட்டத்துக்குள் வரச் சட்டம் தடையாக இருக்கவில்லை. அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018இல். லயத்துக் காம்பராவுக்கு வந்த கடிதமும் தோட்டக் கந்தோருக்குப் போய்த்தான் கைக்கு வந்தது. வீட்டு இலக்கம் எழுதி, பாக்கி கேட்டாவது ஓர் அரச காகிதம் நேரே வாசலுக்கு வருவதை இந்த மலையில் லேசாக நினைக்க முடியாது.

அதற்காக அறிவித்தலுக்குக் கண்ணாடி போட்டு மாட்டவேண்டியதில்லை. நடப்பு வருட வரியை ஜனவரி 31க்கு முன் முழுதாகக் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு. பழைய பாக்கியைக் கட்டிய சீட்டைப் படமெடுத்து விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். நீலக் கோடு இரண்டும் விழும், பதில் வராது.