பூட்டிய அறை

கேள்வி: துயரத்தை மனத்தின் ஓர் அறையில் பூட்டிவிட்டுக் காரியங்களைக் கவனிப்பது விவேகந்தானே?

பதில்: சில நாழிகைக்கு விவேகந்தான், வைத்தியர் தம் வீட்டுச் சோகத்தை வாசலில் நிறுத்தாவிட்டால் நோயாளி பிழைப்பதெப்படி? ஆயின் ஆயுள் முழுதும் பூட்டிவைக்க நினைப்பவர், குரங்கை நினையாமல் மருந்து குடிக்கப் புறப்பட்டவரின் கதியையே அடைகிறார். 1987-இல் அமெரிக்க உளவியல் அறிஞர் டேனியல் வெக்னரும் அவர் சகாக்களும், வெள்ளைக் கரடியை நினைக்கலாகாது, நினைத்தால் மணியடிக்க வேண்டும் என்று சிலரைப் பணித்தபோது, மணி மீண்டும் மீண்டும் ஒலித்தது. தடை நீங்கிய பின்னரோ, ஆரம்பமுதலே நினைக்கும்படி பணிக்கப்பட்டிருந்தவர்களைக் காட்டிலும் இவர்களையே கரடி அதிகம் நாடி வந்தது. கண்ணால் காணாத கரடிக்கே இத்தனை பிடிவாதமென்றால், இழந்த தாயின் முகம் உங்கள் பூட்டுக்கு அடங்குமா? அந்த ஓயாத காவலில் செலவாகும் சக்தி சந்தோஷத்தின் பங்கிலிருந்தும் எடுக்கப்படுவதால், குழந்தையின் சிரிப்புக்கூடப் பாதிதான் காதில் விழுகிறது. ஆகையால் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் இன்று மாலையே மனம்விட்டு அழுங்கள். காரியங்கள் நாளைவரை காத்திருக்கும்.