குமிழ் புராணம்

கிருஷ்ணன்கோவிலில் எங்கள் வீட்டு ஹீட்டர் கனெக்டர் உருகிப்போயிற்று. வந்த வயரிங் அண்ணாச்சி கருகலை முகர்ந்து பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக் வேண்டாம், பீங்கான்ல ஒண்ணு வாங்கியாங்க" என்றார். அரை நிமிஷம் ஆகியிருக்காது. இதே யோசனையைப் பேட்டன்ட்டாக்கி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் மூக்குடைபட்டவர்கள் உண்டு.

விஷயம் களிமண்ணிலோ பீங்கானிலோ செய்த கதவுக் குமிழ். 1841-இல் ஹாட்ச்கிஸ், டேவன்போர்ட், குவின்சி என மூன்று பேர் அதற்குப் பேட்டன்ட் வாங்கினார்கள். குமிழைத் திருப்ப ஒரு கை போதும். உரிமை கொண்டாட மூன்று தலை. மரத்திலும் உலோகத்திலும் குமிழ் முன்பே இருந்தது. வாய் குறுகி உள்ளே அகன்ற குழியில் தண்டைக் கழலாமல் இறுக்குகிற வித்தையும் பழசு. களிமண்ணும் பீங்கானும் ஆதாம் காலத்துச் சரக்கு. குழம்பு பழையது, சட்டி மட்டும் புதுசு என்பதுதான் கண்டுபிடிப்பு!

ஒஹையோவில் கிரீன்வுட் அதே குமிழைச் செய்து விற்க, வழக்கு வெடித்தது. 1851-இல் நீதிபதி நெல்சன் எழுதிய தீர்ப்பின் சாரம்: தொழில் தெரிந்த சாதாரண ஆசாரிக்கு எட்டாத மூளை இதில் எங்கே இருக்கிறது? நீதிபதி உட்பரி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பொருள் புதுசா, மலிவா, முன்னதைவிட நல்லதா என்று பார்த்தால் போதாதா என்றார். தோற்ற கட்சிதான், ஆனாலும் எனக்கு அவரைப் பிடிக்கும். சந்தைக்குப் போய் வந்தவர் மாதிரி பேசியிருக்கிறார்.

அந்தச் சாதாரண ஆசாரி அதற்கப்புறம் சாகவே இல்லை. பேட்டா இல்லாமல் ஊர் ஊராகக் கோர்ட் ஏறுகிறார். 1978-இல் நம் உச்ச நீதிமன்றத்தில், மிர்சாப்பூர்க்காரர்கள் பேட்டன்ட் வாங்கிய, கடைசலுக்குப் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் அமைப்பு வெறும் பட்டறைத் திருத்தம் என்று தள்ளுபடியானதும் அவர் கண்ணால்தான். ஹிமாச்சலில் முதுகில் சுமக்கும் மூங்கில் கூடைக்குக் கில்டா என்று பெயர். அதைப் பிளாஸ்டிக்கில் வார்த்துச் சிலர் பேட்டன்ட் வாங்கினார்கள். இன்னொரு கம்பெனி அதையே செய்ததும் தடை கேட்டார்கள். 2007-இல் உயர் நீதிமன்றம் தரவில்லை. மூங்கில் பிளாஸ்டிக்கானால் கூடை கூடைதானே!

கனெக்டர் பின்னுக்குப் பேட்டன்ட் கேட்டாலும் இதே கதிதான். பித்தளைக்கு மேல் வெள்ளீயம் பூசுவதா, தங்கம் பூசுவதா? தங்கம் துருப்பிடிக்காது என்பது ஸ்ரீவில்லிபுத்தூர் நகைக்கடைப் பையனுக்கே தெரியும். அவன் எதிர்பாராத பலன் ஏதாவது கிடைத்ததாகக் காட்டினால்தான் வக்கீலுக்கே வாய் திறக்கும்.

இத்தனையையும் அண்ணாச்சியிடம் கொட்டினேன். பீங்கானை மாட்டி, ஸ்க்ரூவை இன்னொரு திருகு திருகிவிட்டு, "பழசுலயும் இதை முறுக்கியிருந்தா உருகியிருக்காது, சார்" என்றார்.