எட்டு மில்லிமீட்டர் மரியாதை

ஏலக்காயின் தகுதியைச் சல்லடை முடிவு செய்கிறது. எட்டு மில்லிமீட்டர் கண்ணில் விழாமல் மேலே நிற்கும் பச்சை நிற உலர்காய்க்குப் போடிநாயக்கனூர் ஏலத்தில் தனி மவுசு. 2019 ஆகஸ்டில் கேரளத்தின் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது.

பறிக்கும் கைகளுக்குச் சல்லடை கிடையாது. விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறும் பெண்கள் எல்லாரும் ஒரே தரம். வண்டியில் எத்தனை பேர் என்பதற்கு ஆர்.சி. புத்தகம் ஒரு கணக்குச் சொல்லும். தூக்குச்சட்டிகளை எண்ணினால் வேறு கணக்கு வரும். கம்பம்மெட்டு வளைவுகளைத் தாண்டி இடுக்கித் தோட்டத்தில் இறங்கினால், நாள் முழுக்கக் குனிவுதான். ஏலச்செடி தன் காய்ச்சரத்தைத் தூரில், தரையோடு தரையாக விடுகிறது. முதலாளிக்குத் தோதான செடி. ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்து ஒரு கிலோவாகும். ஏலத்தில் விலை எகிறும் செய்தி கூலிக்கு மட்டும் தாமதமாகவே எட்டும். சரியும் செய்தி அன்றைக்கே வந்துவிடும்.

ஏலத்தோட்டத்தில் மருந்தடிப்பு அதிகம். மருந்து எச்சம் இருக்கிறதென்று சவுதி அரேபியா இந்திய ஏலக்காயைத் திருப்பி அனுப்பியதுண்டு. காயைச் சோதிக்க ஆய்வகம் உண்டு. மருந்தடித்தவரின் நுரையீரல் ஏற்றுமதிச் சரக்கு அல்லவே.

பெரும் போட்டியாளரான குவாத்தமாலாவில் ஏலக்காயை விளைவிப்போர் பெரும்பாலும் மாயா பழங்குடியினர். அதைச் சமையலில் சேர்க்கும் வழக்கம் அவர்களுக்கு அவ்வளவாக இல்லை. அங்கே விளைச்சல் படுத்தால் போடியில் விலை நிமிரும். பறிப்பவர் இரு நாட்டிலும் குனிந்தபடியே.