சைக்கிள் ஸ்தபதி

தெருவில் எந்த வீட்டு மாடிப்படியை ஒருக்களித்துத்தான் கடக்க முடிகிறதோ, அதுதான் சைக்கிள் ஸ்தபதியின் வீடு. முழுச் சைக்கிளைக் கடையில் காசு கொடுத்து வாங்குவது அவருக்குக் கௌரவக் குறைவு. காயலான் கடையில் எடைக்கு எடை பேரம் பேசி, பிரேமைத் தையிலும் போர்க்கை ஆடியிலும் வீடு சேர்ப்பார். முடிந்த வண்டியைப் பார்த்து "என்ன கம்பெனி சார்?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. "24 இஞ்ச் பிரேம் ஹெர்குலிஸ், போர்க் ராலி, ஹேண்டில்பார் அட்லஸ், கேரியர் பால்காரர்" என்று கோத்திரம் முழுக்க ஒப்பிப்பார்.

சமையலறையிலிருந்து அடிக்கடி குரல் வரும்: "ஏங்க, உளுந்து டப்பாவுல குண்டு கிடக்குது!"

"கால் இஞ்ச் குண்டா, சின்னதா? பாத்துச் சொல்லு, ரெண்டு நாளாத் தேடறேன்."

உளுந்து எங்கே போயிற்று என்று அந்த அம்மாள் கேட்பதை விட்டுப் பல வருஷம் ஆகிறது.

விருந்தாளி வந்தால் முகம் பார்த்துப் பேச மாட்டார். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சுற்றும் ரிம் பக்கத்தில் சாக்பீஸைப் பிடித்தபடியே நலம் விசாரிப்பார். சாக்பீஸ் உரசும் இடத்தில் கோட்டம். முன்னால் 32 கம்பி, பின்னால் 40. அதில் எதை அரைத் திருகு முறுக்க வேண்டும் என்பதுதான் அந்த நேரத்துக் கவலை. உங்கள் தங்கை கல்யாணமெல்லாம் அப்புறம்.

உதவிக்கு வரும் இளைஞனிடம் இடது பெடலைக் கழற்றச் சொல்வது அவருடைய நுழைவுத் தேர்வு. பையன் ஸ்பானரில் தொங்கி, வியர்த்து, உள்ளங்கை சிவந்து நிற்பான். அதுவரை காபி குடித்துக்கொண்டிருப்பவர், டம்ளரை வைத்துவிட்டு, "தம்பி, அது எதிர் மரை" என்பார். எனக்கென்னவோ அந்தக் காபியின் ருசிக்காகத்தான் இத்தனை சைக்கிளும் என்று சந்தேகம்.

மாப்பிள்ளை எம்.இ. படித்தவர். மாமனாரைக் குளிர்விக்க '26 இஞ்ச்' டயர் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தார். அது ரிம்மில் ஏறவே மறுத்தது. "மாப்ளே, 26-ன்னு பல ஜாதி இருக்கு. ஒல்லி டயருக்கு ரிம் 590 மில்லிமீட்டர், இந்தக் குண்டு டயருக்கு 559. பேரைப் பாத்துட்டுப் பொருத்தம் பாக்காம விட்டுட்டீங்களே!" என்றார். தலை தீபாவளிக்குக்கூட அவர் அவ்வளவு அன்பாகப் பேசியதில்லை.

விரிசல் விட்ட பிரேமை கிரில் பட்டறைக்காரர் கரன்ட் வெல்டிங் வைத்து ஒரு நிமிஷத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னாலும் ஒப்ப மாட்டார். மெல்லிசுக் குழாய், பொத்துப்போகும். பித்தளை வெல்டிங் வைப்பவரைத் தேடி மூன்று ஊர் போவார்.

தெருவில் ஒரு பிள்ளை பிளஸ் டூ முடித்தால் ஊரே மார்க் கேட்கும். இவர், பதினொன்றாம் வகுப்பில் அரசு தந்த விலையில்லாச் சைக்கிளை விசாரிப்பார்: "சும்மாத்தானே நிக்குது?" கோயில் வாசலில் நிற்கும் வண்டிகளையும், உயில் எழுதாத பெரியவரைப் பங்காளி பார்ப்பதுபோல ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினம் பார்த்து அட்லஸ்காரர்கள் சாகிபாபாத் ஆலையை மூடினார்கள். பழைய சைக்கிள் ஆசாமிகள் துக்கம் காத்தபோது, இவர் காயலான் கடைக்கு போன் போட்டு, இருக்கிற அட்லஸ் சாமான்களை எடுத்து வைக்கச் சொன்னார்.

அந்தக் கடைக்கு மட்டும் அவர் பஸ்ஸில்தான் போவார். இத்தனை சைக்கிள் இருக்கும்போது ஏன் என்று கேட்டேன்.

"வெளியே நிறுத்திட்டு உள்ளே போக முடியாது தம்பி. அங்கே நம்மள மாதிரி ஆளுங்க வருவாங்க."